கதவைத் தட்டும் கடன் வசூலிப்பாளர்: சிங்கப்பூரில் உங்கள் உரிமைகள், படிப்படியாக

எங்கள் புளோக்கில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் அக்கா ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு ஆண்களுக்குக் கதவைத் திறந்தார். மகன் கடன் வாங்கிவிட்டுக் கட்டாமல் இருக்கிறான், பெற்றவர்தான் பொறுப்பு, இன்றைக்கு ஆயிரம் வெள்ளியாவது வேண்டும் என்றார்கள். நடைபாதை முழுவதும் கேட்கும்படி பேசினார்கள். மறுநாள் காலை அக்கா தேக்காவுக்குப் போய் வளையலை அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்தார். ரசீது இல்லை. மகன் அந்த வீட்டைவிட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று வாரம் கழித்து என்னிடம் சொன்னபோது முதல் வார்த்தையே, "யாரிடமும் சொல்லிவிடாதே தம்பி" என்பதுதான்.

சட்டப்படி அந்த அக்கா ஒரு காசுகூடக் கொடுக்க வேண்டியதில்லை. அவரை வளையலைக் கழற்ற வைத்தது அக்கம்பக்கத்தார் காதில் விழுந்துவிடுமே என்ற பதற்றம். நம் வீடுகளில் கடனைவிட அதன் மானக்கேடு பெரிதாகத் தெரிகிறது. வசூலுக்கு வருகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் யார் கட்டுவது, எவ்வளவு, எந்த வழியில் என்பதை வாசலில் நின்று குரல் உயர்த்துகிறவர் முடிவு செய்ய முடியாது. அதற்காகவே இந்த வழிகாட்டி.

முதல் படி: வந்திருப்பவர் யார்?

கதவுக்கு வெளியே நிற்பவர் நான்கு வகையில் ஒருவராக இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் உள்ள அதிகாரம் வேறு.

முதல் வகை, கடன் வசூல் நிறுவனத்தின் ஆள். 2022ஆம் ஆண்டின் கடன் வசூல் சட்டம் இந்தத் தொழிலைக் காவல்துறையின் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். நேரில் வந்து கேட்கும் ஆளுக்கும் ஒப்புதல் வேண்டும். இவற்றைக் கவனிப்பது சிங்கப்பூர்க் காவல்துறையின் உரிமம், ஒழுங்குமுறைப் பிரிவு. உரிமம் இருந்தாலும் இவருக்கு உள்ள அதிகாரம் ஒன்றே ஒன்றுதான்: பணத்தைத் தரும்படி கேட்கலாம். வீட்டுக்குள் நுழைய, பொருளை எடுக்க, அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்ள இவருக்கு உரிமை கிடையாது.

இரண்டாம் வகை, கடன் கொடுத்த இடத்தின் சொந்த ஊழியர் அல்லது வழக்கறிஞர். வங்கிகளும் சட்ட நிறுவனங்களும் வேறு விதிமுறைகளுக்கு உட்பட்டவை. இவர்களுடைய தொடர்பு பெரும்பாலும் தொலைபேசி, கடிதம் என்ற அளவில் இருக்கும்.

மூன்றாம் வகை, நீதிமன்ற அதிகாரி. இவர் கையில் நீதிமன்றத்தின் அமலாக்க ஆணையும் அடையாள அட்டையும் இருக்கும். பொருள்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் உள்ளவர் இவர் ஒருவரே. இவரைத் தடுக்கக் கூடாது. ஆனால் வழக்கு, தீர்ப்பு, ஆணை என்ற படிகளைத் தாண்டித்தான் இவர் வருவார். திடீரென்று ஒரு நாள் வந்து நிற்க மாட்டார்.

நான்காம் வகை, கடன் முதலை. பலரும் ‘ஆ லோங்’ என்று சொல்லும் சட்டவிரோதக் கடன்காரரின் ஆள். இவரைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: வாசலில் செய்ய வேண்டியவை

இரும்புக் கதவைப் பூட்டியே வைத்துக்கொண்டு பேசுங்கள். வயதானவர்கள், குழந்தைகள் மட்டும் இருக்கும் நேரத்தில் திறக்கவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெயர், நிறுவனம், உரிமம், யாருக்காக வசூலிக்கிறார் என்ற நான்கையும் கேளுங்கள். அட்டையைக் கம்பி வழியாகக் காட்டச் சொல்லிக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நிதானமாக ஒரே ஒரு பதிலைச் சொல்லுங்கள்: "கடன் விவரங்களை எழுத்துமூலம் அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுத்துமூலம் பதில் தருகிறேன்." எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்லலாம். வாக்குவாதம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். "போய்விடுங்கள்" என்று சொன்ன பிறகும் நகராமல் நின்றால் 999 என்ற எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.

வாசலில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ரொக்கமும் கொடுக்காதீர்கள். ஐம்பது வெள்ளிதானே, கொடுத்தால் போய்விடுவார்கள் என்று தோன்றும். அந்த ஐம்பது வெள்ளி பல ஆண்டுப் பழைய கடனுக்கு மீண்டும் உயிர் கொடுக்கக்கூடும். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

மூன்றாம் படி: கடன் உண்மையா, தொகை சரியா, பொறுப்பு யாருடையது?

பெரும்பாலோர் அவசரப்பட்டுத் தாண்டிப் போகும் இடம் இது. நான் பார்த்தவரையில் பணம் அதிகமாக வீணாவதும் இங்கேதான்.

முதலில் பொறுப்பு. கடனில் கையெழுத்திட்டவர், கூட்டாக வாங்கியவர், பிணை நின்றவர் ஆகியோரே கட்ட வேண்டியவர்கள். கணவன் வாங்கிய கடனுக்கு மனைவியோ, பிள்ளை வாங்கியதற்குப் பெற்றோரோ உறவின் காரணமாக மட்டும் பொறுப்பாக மாட்டார்கள். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கடனைக் கேட்கலாம். வாரிசின் சொந்தச் சம்பளத்திலிருந்து கேட்க முடியாது. பிணை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. நண்பருக்காகப் போட்ட ஒரு கையெழுத்து உங்களையும் அதே கடனாளியாக்கிவிடும்.

அடுத்தது தொகை. அசல், வட்டி, தாமதக் கட்டணம், இதுவரை கட்டியது, மிச்சம் என்று தனித்தனியாகப் பிரித்த கணக்கைக் கேளுங்கள். ஒப்பந்த நகலையும் கேளுங்கள். ‘வசூல் செலவு’ என்று புதிதாக ஒரு தொகை முளைத்திருந்தால், ஒப்பந்தத்தில் எந்த வரியில் அது இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடம் வாங்கிய கடன் என்றால் கணக்குப் பார்ப்பது சுலபம். 2015 அக்டோபர் முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ள உச்சவரம்பு இது: வட்டி மாதத்துக்கு 4 விழுக்காடு, தவணை தவறினால் தாமத வட்டியும் மாதத்துக்கு 4 விழுக்காடு, தாமதக் கட்டணம் மாதத்துக்கு 60 வெள்ளி, கடன் கொடுக்கும்போது பிடிக்கும் நிர்வாகக் கட்டணம் அசலில் 10 விழுக்காடு. தாமத வட்டியைத் தவறிய தவணைக்கு மட்டும்தான் போடலாம். இன்னும் கெடு வராத மிச்சத் தொகைக்குப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு வரம்பு உண்டு. வட்டியும் கட்டணங்களும் எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது. 3,000 வெள்ளி வாங்கியிருந்தால் எத்தனை ஆண்டு தாமதித்தாலும் வட்டி, கட்டணம் என்று 3,000க்கு மேல் கேட்க முடியாது. மொத்தம் 6,000 வெள்ளி. வழக்கு நடந்து நீதிமன்றம் விதிக்கும் செலவு மட்டும் தனி. 9,000, 10,000 என்று கடிதம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு சட்ட அமைச்சின் கீழ் இயங்கும் கடன்கொடுப்போர் பதிவகத்தில் புகார் செய்யுங்கள்.

மூன்றாவதாகக் காலம். காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டுகள்தான் அவகாசம். பணம் கட்டத் தவறிய நாளிலிருந்து இது தொடங்கும். ஆனால் கடனை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, அதில் ஒரு பகுதியைக் கட்டினாலோ கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். வாசலில் கொடுக்கும் அந்த ஐம்பது வெள்ளியின் ஆபத்து இப்போது புரியும். கெடு கடந்த கடனுக்கும் வழக்கு வரலாம். வந்தால், கெடு கடந்துவிட்டது என்பதை நீங்கள்தான் நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டும். பேசாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கடன் வங்கியிலிருந்து வராமல் பொருள், சேவை, புதுப்பிப்புப் பணி, அழகு நிலையத் தொகுப்பு போன்றவற்றால் வந்ததா? வேலை அரைகுறையாக நின்றதால் பணம் கட்டாமல் இருந்தீர்களா? அப்படியானால் அது இன்னும் தீராத தகராறு. வசூல் நிறுவனத்துக்கு "இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை, காரணம் இது" என்று எழுதிவிட்டு, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடுங்கள். 20,000 வெள்ளி வரையிலான இத்தகைய தகராறுகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கிறது. இரு தரப்பும் இசைந்தால் 30,000 வரை. அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. எதிர்த்தரப்பு எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் அதே மேசையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். வங்கியோடு தகராறு என்றால் ‘ஃபிட்ரெக்’ எனப்படும் நிதித்துறைத் தகராறுத் தீர்வு நிலையம் இருக்கிறது.

நான்காம் படி: எல்லை மீறினால்

கடன் இருப்பது யாருக்கும் உங்களைத் துன்புறுத்தும் உரிமையைத் தராது. கடனாளியும் சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறார். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் நம்மவர்கள் நம்ப மறுக்கிறார்கள். "தப்பு நம்மிடம்தானே இருக்கிறது" என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

மிரட்டுவது, இழிவாகப் பேசுவது, வாசலிலோ வேலையிடத்திலோ கூச்சலிட்டு ஆள் கூட்டுவது, வழியை மறித்து நிற்பது, இரவு பகல் பாராமல் அழைத்துக்கொண்டே இருப்பது, உங்கள் படத்தையும் முகவரியையும் சமூக ஊடகத்தில் போட்டுத் தொல்லை கொடுப்பது ஆகியவை துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வரக்கூடியவை. 2014இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, வேண்டுமென்றே துன்புறுத்தும் குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். உயிருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு செய்வதாக மிரட்டினால் அது தண்டனைச் சட்டத் தொகுப்பின் கீழ் தனிக் குற்றம். நீதிமன்றக் கடிதம் போலவே முத்திரையும் வழக்கு எண்ணும் அச்சிட்டு அனுப்பும் தாளைக் கண்டால் பயப்பட வேண்டாம். அரசு நீதிமன்றங்களில் விசாரித்துப் பாருங்கள்.

சான்று சேகரிப்பதுதான் இங்கே உயிர்நாடி. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், வந்தவர் பெயர், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். கதவுக்கு உள்ளே இருந்தபடியே கைபேசியில் ஒலியும் காட்சியும் பதிவு செய்யுங்கள். எதிர்வீட்டுக்காரர் பார்த்திருந்தால், வெட்கத்தை விட்டு அவரிடம் சாட்சி கேளுங்கள். அக்காவின் எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் அன்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. உதவத் தயாராகவும் இருந்திருக்கிறது. அக்கா கேட்கத்தான் இல்லை.

பிறகு மூன்று வழிகள் உண்டு. காவல்துறையில் புகார் செய்யலாம். உரிமம் பெற்ற நிறுவனம் என்றால் உரிமப் பிரிவுக்கும் எழுதுங்கள், உரிமம் பறிபோகும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. கடன் கொடுத்த நிறுவனத்துக்கே நேரடியாக எழுதி, அவர்கள் அமர்த்திய ஆள் எப்படி நடந்துகொண்டார் என்று தெரிவிக்கலாம். தொல்லை தொடர்ந்தால், 2021 ஜூன் முதல் தேதி தொடங்கப்பட்ட துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அவசரம் என்றால் விசாரணை முடியும் முன்பே விரைவு ஆணையும் கேட்கலாம்.

ஐந்தாம் படி: உண்மையான நீதிமன்றக் கடிதம் வந்தால்

இதுவரை அஞ்சாதீர்கள் என்றேன். இந்தத் தாளைக் கண்டால் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். பிரிக்காமல் இழுப்பறைக்குள் போட்டு வைப்பதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இல்லை.

வழக்கு ஆவணம் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள், வழக்கை எதிர்க்கிறீர்களா இல்லையா என்ற அறிவிப்பை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உங்களைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடும். வழக்கறிஞர் செலவுக்கு வழி இல்லையென்றால் சட்ட உதவிப் பிரிவையோ, ‘புரோ போனோ எஸ்ஜி’ நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைகளையோ நாடுங்கள். முதல் வாரத்திலேயே போங்கள்.

கடன் 15,000 வெள்ளியோ அதற்கு மேலோ இருந்தால் நொடிப்பு (திவால்) நடவடிக்கை எடுக்க முடியும். அதற்கு முன்னோடியாகச் சட்டப்படியான கோரிக்கைக் கடிதம் வரும். அதற்கு 21 நாள் கெடு. 15,000க்குக் குறைந்த கடனுக்கு "உன்னை நொடிப்பாளியாக்கிவிடுவேன்" என்று ஒரே ஒரு கடன்காரர் மிரட்டினால் அது வெறும் மிரட்டல்தான்.

தீர்ப்பே எதிராக வந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. மத்திய சேமநிதியில் உள்ள பணத்தைத் தொட முடியாது. சம்பளத்தை முதலாளியிடமிருந்து பறிக்க முடியாது. வங்கிக் கணக்கில் விழுந்த பணத்தை மட்டும் நீதிமன்ற ஆணை மூலம் முடக்கலாம். சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவராவது உரிமையாளராக உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை, அடமானம் இல்லாத சாதாரணக் கடனுக்காகப் பறிக்க முடியாது. வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் கதை வேறு. வீட்டில் மற்றவர்களுக்குச் சொந்தமான பொருளுக்கு முத்திரை வைத்தால், ரசீதைக் காட்டி உடனே எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். அம்மாவின் தையல் இயந்திரம் மகன் கடனுக்குப் போக வேண்டியதில்லை.

கடன் முதலையிடம் சிக்கியிருந்தால்

இங்கே சட்டம் உங்கள் பக்கம் இன்னும் உறுதியாக நிற்கிறது. உரிமம் இல்லாதவர் கொடுத்த கடனை நீதிமன்றம் மூலம் திரும்பக் கேட்க முடியாது. சட்டவிரோதமாகக் கடன் கொடுப்பதற்கு, முதல் குற்றமாக இருந்தாலும் 30,000 முதல் 300,000 வெள்ளி வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை தண்டனை உண்டு. கதவில் சாயம் ஊற்றுவது, பூட்டில் பசை வைப்பது, புளோக்குச் சுவரில் வீட்டு எண்ணை எழுதுவது எல்லாமே காவல்துறை விஷயம். 999 தவிர, கடன் முதலைகளுக்கென்றே உள்ள 1800-924-5664 என்ற எண்ணிலும் தகவல் தரலாம்.

கடனைக் கழிக்க வேறு வழி இருக்கிறது என்று ஏடிஎம் அட்டையையோ வங்கிக் கணக்கையோ அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸின் மறைச்சொல்லையோ கேட்பார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். கொடுத்தால் கடனாளி என்ற நிலையிலிருந்து குற்றவாளி என்ற நிலைக்குப் போய்விடுவீர்கள். கேட்காமலேயே உங்கள் கணக்கில் பணம் போட்டுவிட்டு வட்டி கேட்டால், அதைச் செலவு செய்யாமல் வங்கிக்கும் காவல்துறைக்கும் தெரிவியுங்கள்.

தங்கும் விடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களான தம்பிகளுக்குத் தனியாக ஒரு சொல். மாதம் 800 வெள்ளி சம்பளம் என்றால் ஆண்டுக்கு 9,600. ஆண்டு வருமானம் 10,000க்குக் குறைந்த வெளிநாட்டவருக்கு, உரிமம் பெற்ற எல்லாக் கடைகளும் சேர்ந்துகூட 500 வெள்ளிக்கு மேல் பிணையில்லாக் கடன் (எதையும் அடமானம் வைக்காத கடன்) தர முடியாது. மேலும் உரிமம் பெற்றவர்கள் வாட்ஸ்அப், குறுஞ்செய்தி, தொலைபேசி வழியாக விளம்பரம் செய்யக் கூடாது. கடைக்கு உங்களை நேரில் வரவழைத்து அடையாளத்தைச் சரிபார்க்காமல் கடன் கொடுக்கவும் கூடாது. ஆகவே, "இரண்டாயிரம் வெள்ளி, பத்து நிமிடத்தில்" என்று தமிழிலேயே செய்தி வந்தாலும் அனுப்பியவர் சட்டத்துக்கு வெளியே இருப்பவர்தான். ஏற்கெனவே மாட்டியிருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ, டிடபிள்யூசி2 போன்ற தொண்டு அமைப்பிடமோ பேசுங்கள். ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மறைக்க மறைக்க வட்டிதான் ஏறும்.

ஆறாம் படி: கடனைத் தீர்க்கும் பேச்சு

கடன் உண்மை, தொகையும் சரி என்று தெரிந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வாடகை அல்லது வீட்டுத் தவணை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, பயணம் போக மாதம் எவ்வளவு மிஞ்சும்? அந்தத் தொகைக்கு மேல் ஒரு வெள்ளிகூட வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு மாதத்தில் முறியும் வாக்கு உங்கள் நிலையை இன்னும் மோசமாக்கும். இரண்டு மூன்று இடங்களில் கடன் இருந்தால், சத்தம் போடுபவருக்கு முதலில் கொடுக்கத் தோன்றும். வட்டி அதிகமான கடனை முதலில் பாருங்கள்.

கடன் அட்டைகளும் வங்கிக் கடன்களும் குவிந்திருந்தால் ‘கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்’ என்ற அறநிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுங்கள். பல வங்கிகளோடு ஒரே நேரத்தில் பேசித் தவணைத் திட்டம் அமைக்க அவர்கள் உதவுகிறார்கள். ஆண்டு வருமானம் 20,000 முதல் 120,000 வெள்ளிக்குள் இருந்து, பிணையில்லாக் கடன் மாத வருமானத்தைப் போல் 12 மடங்கைத் தாண்டிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், எல்லாவற்றையும் ஒரே வங்கியில் ஒன்றுசேர்க்கும் திட்டம் 2017 முதல் இருக்கிறது. நொடிப்பு மனு வரை போய்விட்டாலும், மொத்தக் கடன் 150,000 வெள்ளிக்கு மிகாமல் நிலையான வேலையும் இருந்தால், ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடிக்கும் கடன் அடைப்புத் திட்டத்துக்கு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயக்கம் என்றால் அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்துக்கோ, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கோ போங்கள். உதவி கேட்டு வருகிறவர்களை அங்கே யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை.

எந்த உடன்பாடாக இருந்தாலும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிகளில், இதைக் கட்டிவிட்டால் மீதி தள்ளுபடியா, இல்லையா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். பணத்தை நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள், வந்தவரின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். கடைசித் தவணையைக் கட்டிய அன்றே, கடன் முழுமையாகத் தீர்ந்தது என்ற கடிதத்தைக் கடன் கொடுத்தவரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். அதைப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் வையுங்கள். சில ஆண்டு கழித்து இன்னொரு வசூல் நிறுவனம் அதே கடனைக் கேட்டு வந்தால், அந்த ஒற்றைத் தாளின் நகலைக் கம்பி வழியாக நீட்டினால் போதும்.